கழுதைகளும் அறிஞர்களும் நடுவில், வௌவால்கள் உச்சியில்

வௌவாலைத் தேடியே பாலைவனத்துக்குப் புறப்பட்டவர் என்று அண்மைக்காலம் வரை அநேகமாக யாரும் கிடையாது. வாசனைப் பட்டை வாங்கப் போனார்கள், நாடு பிடிக்கப் போனார்கள், புதையல் தோண்டப் போனார்கள், உண்ணி பொறுக்கக்கூடப் போனார்கள். போன இடத்தில் தலைக்கு மேல் ஏதோ படபடத்தது. அண்ணாந்து பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு அண்ணாந்தவர்கள் புத்திசாலிகள். பிறகு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார்கள். எகிப்திலும் அரேபியாவிலும் வௌவால் இனங்கள் கணக்கெடுக்கப்பட்ட கதை பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றை வரிகளால் ஆனது.

அரேபிய வௌவாலைப் பற்றிப் புகழ்பெற்ற பழைய வரி கிரேக்கரான ஹெரோடோட்டஸுடையது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. அரேபியாவில் காசியா என்றொரு பட்டை கிடைக்கிறது என்கிறார்; நம் பிரியாணியில் விழுகிற பட்டையின் பங்காளி. அது ஆழமில்லாத ஓர் ஏரியில் விளைகிறதாம். ஏரியைச் சுற்றிலும் வௌவாலைப் போன்ற சிறகுள்ள ஜந்துக்கள் குடியிருக்கின்றனவாம். பயங்கரமாகக் கிறீச்சிடுமாம், கண்ணைக் குறிவைத்துப் பாயுமாம். அதனால் அரேபியர்கள் கண்ணை மட்டும் விட்டுவிட்டு உடம்பு, முகம் எல்லாவற்றையும் மாட்டுத்தோலால் போர்த்திக்கொண்டு போய்ப் பட்டையை அறுத்து வருவார்களாம். கண்ணைத்தான் அது கொத்த வருகிறது என்றால் கண்ணை மட்டும் ஏன் திறந்து வைத்தார்கள் என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஹெரோடோட்டஸ் அந்த ஏரியைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஏரியைப் பற்றிச் சொன்னவர்கள் பட்டை விற்கிறவர்கள். ஐந்நூறு ஆண்டு கழித்து ரோமாபுரியின் பிளினி இந்தக் கதையைப் படித்துவிட்டு, விலையை ஏற்றுவதற்காக வியாபாரிகள் கட்டிவிட்ட புளுகு என்று முகத்திலடித்தாற்போல் எழுதினார். பட்டை அரேபியாவில் விளையவே இல்லை, கடல் கடந்து கீழ்த்திசையிலிருந்து வந்தது என்பதுதான் இன்றைய பொதுவான கருத்து. இறக்குமதி செய்த சரக்குக்கு உள்ளூர் ஏரி ஒன்றையும் அதற்குக் காவலாக வௌவால் படை ஒன்றையும் கற்பனை செய்தவன் எவனோ, அவனுக்கு விளம்பரத்துறையில் ஒரு சிலை வைக்கலாம். ஆக, பாலைவன வௌவால் கணக்கெடுப்பின் முதல் அறிக்கை இது: இனம் ஒன்று, வாழிடம் ஏரிக்கரை, எண்ணிக்கை விலையை ஏற்றப் போதுமான அளவு.

அடுத்த வரி ஸ்ட்ராபோ என்ற புவியியலாளருடையது. பாபிலோனுக்குப் பக்கத்தில், இன்றைய இராக்கில், போர்சிப்பா என்ற ஊர். அங்கே வௌவால்கள் ஏராளம், மற்ற ஊர் வௌவால்களைவிடப் பெரியவை, பிடித்து உப்புக்கண்டம் போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினார். இதில் எனக்கு ஸ்ட்ராபோவின் மேல் மரியாதைதான் வருகிறது. இடம் சொல்கிறார், அளவு சொல்கிறார், பிற ஊர்களோடு ஒப்பிடுகிறார், மாதிரியைக் கெடாமல் பதப்படுத்தும் முறையையும் சொல்கிறார். பின்னால் வந்த பல ஆய்வறிக்கைகளில் இந்த நான்கும் ஒன்றாக அமைந்ததில்லை.

இதற்கெல்லாம் வெகு முன்பே, சுமார் நாலாயிரம் ஆண்டுக்கு முன், எகிப்தின் பெனி ஹசனில் பாகெத் என்ற பிரபுவின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியன் வௌவால்களைத் தீட்டியிருக்கிறான். பறவைகளின் வரிசையில் தீட்டியிருக்கிறான். யூத வேதத்தின் லேவியராகமமும் தின்னக்கூடாத பறவைகளின் பட்டியலில் கடைசி ஆளாக வௌவாலைத்தான் நிறுத்துகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணியைப் பறவைகளோடு உட்கார வைத்ததற்கு அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். பறக்கிறதா, பறக்கிறது, அவ்வளவுதான் அன்றைய வகைப்பாட்டியல். வேறு வழியில் யோசிக்க ஆரம்பித்தவர்கள் அடுத்து எவ்வளவு குழம்பினார்கள் என்பதைப் பார்க்கத்தானே போகிறோம்.

ஓவியன் வௌவாலைத் தேடி எங்கும் அலைந்திருக்க வேண்டியதில்லை. பாலைவனத்து வௌவாலுக்கு வேண்டியது இருட்டும், பகலிலும் இரவிலும் அதிகம் ஏறி இறங்காத வெப்பமும். வெளியே எட்டும் தூரத்தில் பூச்சியோ பழமோ இருந்துவிட்டால் குடும்பம் நடத்திவிடும். நைல் நதியோரத்தில் வயலும் தோப்பும் உண்டு; அதை ஒட்டினாற்போல் சுண்ணாம்புக்கல் மேடு. அந்த மேட்டில் மன்னர்கள் மூவாயிரம் வருஷம் மாறி மாறி ஓட்டை போட்டார்கள். மேடு போதாத இடத்தில் தாங்களே கல்லை அடுக்கி மலை கட்டி, அதற்குள்ளும் ஓட்டை விட்டார்கள். கட்டியது தங்கள் ஆவிக்காக. ஆவி வந்து குடியேறியதா என்று தெரியவில்லை. வௌவால் குடியேறியது. வாடகை கிடையாது, வாசலில் சாபம் எழுதி வைத்திருந்தாலும் அதற்குப் படிக்கத் தெரியாது. கல்லறைக் கொள்ளையன் கதவை உடைத்துவிட்டுத் தங்கத்தோடு போனான். திறந்த கதவு வழியே உள்ளே வந்த வௌவால் இடத்தையே எடுத்துக்கொண்டது. இரண்டு பேரில் யார் காரியக்காரர் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

குடிவந்தவர்களில் ஒரு வகையை எலிவால் வௌவால் என்று சொல்லலாம். மற்ற பூச்சித்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவற்றுக்கு வால் சிறகுத்தோலுக்குள் அடங்கியிருக்கும். இதற்கு எலிக்கு இருப்பதுபோலவே நீளமாக, மொட்டையாகத் தொங்கும். மூக்குத் துவாரத்தை வேண்டும்போது மூடிக்கொள்ளும், புழுதிக்காற்று அடிக்கிற ஊருக்கு ஏற்ற வசதி. பூச்சி மலிந்த காலத்தில் தின்று கொழுப்பை வயிற்றடியில் சேர்த்துக்கொண்டு, குளிர்காலம் பூராவும் வெதுவெதுப்பான குகையில் ஏறக்குறைய சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இதை 1782-லேயே டென்மார்க்கின் புரூன்னிக் பெயரிட்டு விட்டார். இந்த வௌவாலின் அதிகாரபூர்வ முகவரியாகப் புத்தகங்களில் நிற்கும் ஊர் கீஸா. பிரமிடுகளின் கீஸாவேதான்.

பிரமிடுக்குள் போன ஐரோப்பியர்கள் மன்னரைப் பார்க்கவில்லை, வௌவாலைத்தான் பார்த்தார்கள், அதைவிட அதன் எச்சத்தைப் பார்த்தார்கள். 1765-ல் நத்தானியல் டேவிசன் என்ற ஆங்கிலேயர் பெரிய பிரமிடின் உள் மண்டபத்து உச்சியில் ஒரு சின்னப் பொந்து இருப்பதைக் கண்டுபிடித்தார். ஏணிகளை ஒன்றோடொன்று கட்டி, மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு ஏறி, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வௌவால் எச்சத்தின் மேல் ஊர்ந்து உள்ளே போனார். மன்னரின் அறைக்கு மேலே யாருக்கும் தெரியாத ஓர் அறை! புதையல்? இல்லை. கல்வெட்டு? இல்லை. இன்னும் கொஞ்சம் எச்சம். இன்றும் அந்த அறைக்கு டேவிசன் அறை என்றுதான் பெயர். நியாயமாகப் பார்த்தால் முன்னதாகக் குடியிருந்தவர்கள் பெயரை வைத்திருக்க வேண்டும்.

இனி நெப்போலியன்.

1798 மே 19. துலோன் துறைமுகத்திலிருந்து முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களோடு கப்பலேறினான். கூடவே சுமார் 160 அறிஞர்கள், பொறியாளர்கள், ஓவியர்கள். எங்கே போகிறோம் என்று பெரும்பாலோருக்குச் சொல்லவே இல்லை. வேதியியலாளர் பெர்த்தோலே வந்து, இடத்தைக் கேட்காதே, நானும் வருகிறேன், கணிதர் மோன்ஜும் வருகிறார், போனபார்ட் தலைமை, புறப்படு என்று ஆள் சேர்த்தார். படித்தவர்கள் புறப்பட்டார்கள். படிக்காதவனாக இருந்தால் சம்பளம் எவ்வளவு என்றாவது கேட்டிருப்பான்.

அப்படிப் புறப்பட்டவர்களில் ஒருவர் எத்தியேன் ஜோஃப்ருவா சேன்-இலேர், வயது 26. இவர்தான் நம் கதாநாயகர். இவருக்கு விலங்கியல் வந்த விதமே தனிக்கதை. படித்தது தாதுக்கள், அதாவது கல். ஆசிரியர் அவுயி ஒரு பாதிரியார். புரட்சிக்காரர்கள் 1792-ல் பாதிரிகளைப் பிடித்து அடைத்தபோது அவரை விடுவிக்க அலைந்தவர் இவர். ஏணியைத் தூக்கிக்கொண்டு இரவில் சிறைச்சுவர் ஏறி மற்றப் பாதிரிகள் சிலரையும் தப்பவைத்தார். அடுத்த வருஷம் பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் புதிதாக அமைக்கப்பட்டபோது, கல் படித்த இந்த 21 வயதுப் பையனைப் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பேராசிரியராகப் போட்டார்கள். செடிகொடி படித்த லமார்க்குக்குப் பூச்சி, புழு கிடைத்தது. நம் ஊர் டிரான்ஸ்பர் ஆர்டர் மாதிரியே இருக்கிறது. வியப்பு என்னவென்றால் இரண்டு பேரும் கிடைத்த வேலையில் உலகப் புகழ் அடைந்தார்கள்.

இவருடைய நண்பர் கூவியேவுக்கும் எகிப்து அழைப்பு போனது. பாரிஸிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் எலும்பு இருக்கிறது, நான் எங்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். கூவியேவுக்கும் வௌவாலுக்கும் முன்பே ஒரு தகராறு உண்டு. 1793-ல் இத்தாலியின் ஸ்பல்லன்சானி வௌவாலின் கண்ணைப் பறித்துவிட்டுப் பறக்கவிட்டார். ஒரு கம்பியில்கூட இடிக்காமல் பறந்தது. ஜெனீவாவின் ஜூரின் அதன் காதை அடைத்தார்; கண்ட இடத்தில் முட்டிக்கொண்டது. காதால்தான் வழி பார்க்கிறது என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஆனால் கூவியே ஒரு பரிசோதனையும் செய்யாமல், சிறகின் தொடுவுணர்ச்சியே போதும் என்று தீர்ப்பு எழுதினார். பெரியவர் சொல்லிவிட்டார், விஷயம் முடிந்தது. வௌவால் எதிரொலியைக் கேட்டுப் பறக்கிறது என்று அமெரிக்காவில் கிரிஃபின் நிரூபிக்க 1941 ஆயிற்று. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் வௌவால்கள் கூவியேவின் கொள்கைக்கு விரோதமாகப் பறந்துகொண்டிருந்தன.

எகிப்தில் அறிஞர்களின் நிலைமை ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. ஆய்வுக் கருவிகளை ஏற்றிவந்த கப்பல் அலெக்சாந்திரியா வாசலிலேயே பாறையில் மோதி மூழ்கியது. மீந்த கருவிகளில் பல அக்டோபர் மாதம் கெய்ரோவில் மூண்ட கலகத்தில் சூறைபோயின. இடையில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நெல்சன் வந்து பிரெஞ்சுக் கப்பற்படையையே கொளுத்திவிட்டான். ஊருக்குத் திரும்பவும் வழி இல்லை. பென்சிலுக்குக் காப்புரிமை வாங்கிய கோந்தே என்பவர் கூட வந்திருந்தார். அவர் மட்டும் இல்லாவிட்டால் மறுபடி கருவி செய்யவும் ஆளில்லை.

சிப்பாய்களுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. இந்தப் பொட்டல் காட்டுக்கு நம்மை இழுத்து வந்ததே இந்தக் கண்ணாடிக்காரர்கள்தான் என்று ஒரு நினைப்பு. எகிப்தை ஆண்டுவந்த மம்லூக்குகளின் குதிரைப்படை பாய்ந்து வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் சதுரமாக அணிவகுப்பார்கள். அப்போது ஒரு கட்டளை முழங்கும்: கழுதைகளும் அறிஞர்களும் சதுரத்தின் நடுவே! இரண்டும் சாமான் சுமக்கிறவை, இரண்டும் சண்டைக்கு உதவாதவை. சிப்பாய்கள் கழுதைக்கே அறிஞர் என்று பட்டப்பெயர் வைத்து அழைத்ததாகக் கதை. கழுதைகளின் அபிப்பிராயம் பதிவாகவில்லை.

அந்த வருஷமே ஆகஸ்ட் 22-ல் கெய்ரோவில் எகிப்துக் கழகம் தொடங்கப்பட்டது. மோன்ஜ் தலைவர், நெப்போலியன் துணைத்தலைவர். முதல் கூட்டத்தில் துணைத்தலைவர் அறிஞர்கள் முன் கேள்விகளை வைத்தான். படையின் ரொட்டி அடுப்பைச் சிக்கனமாக எரிப்பது எப்படி? ஹாப்ஸ் இல்லாமல் பீர் காய்ச்ச முடியுமா? நைல் தண்ணீரைச் சுத்தம் செய்து குளிர வைப்பது எப்படி? வெடிமருந்துக்கு உள்ளூரில் என்ன கிடைக்கும்? நல்ல கேள்விகள்தான். வௌவால் எத்தனை வகை என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் ஜோஃப்ருவாவின் பெருமை. முதலில் தீக்கோழியின் சிறகைப் பற்றிக் கழகத்தில் கட்டுரை படித்தார். அப்புறம் நைல் மீன்கள், முதலை, மம்மி செய்த ஐபிஸ் பறவைகள். கையில் கிடைத்ததையெல்லாம் சாராயத்தில் போட்டார். படைக்குக் குடிக்கச் சாராயம் தட்டுப்பாடு, இவர் பல்லிக்கு ஊற்றுகிறார் என்றால் சிப்பாய்க்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கல்லறைக்குள் போன ஒவ்வொரு முறையும் வௌவால் கிடைத்தது. பெரிய பிரமிடின் உள்ளறைகளில் ஒரு பழந்தின்னி தொங்கியது. இது விசித்திரமான ஆசாமி. பழந்தின்னிகள் பொதுவாகக் கண்ணை நம்பி மரத்தில் தொங்குகிறவை. இதுவோ அத்தி, பேரீச்சை என்று தோப்பில் தின்றுவிட்டுக் கும்மிருட்டான கல்லறைக்குள் வந்து தூங்கும். இருட்டில் வழி தெரிய நாக்கால் டக், டக் என்று சொடுக்கிக்கொண்டே பறக்கும். அந்தச் சொடுக்கின் எதிரொலிதான் அதற்கு விளக்கு. மெழுகுவர்த்தியோடு உள்ளே போன அறிஞரைவிட அதற்கு வழி நன்றாகத் தெரிந்திருந்தது. மெழுகுவர்த்தியை அடிக்கடி அணைத்ததும் இந்த வௌவாலின் சொந்தக்காரர்கள்தான்.

1799 ஆகஸ்டில் நெப்போலியன் சொல்லாமல் கொள்ளாமல் பிரான்சுக்குக் கிளம்பிவிட்டான். அறிஞர்களில் மோன்ஜ், பெர்த்தோலே உள்ளிட்ட சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு போனான். நானும் வருகிறேன் என்று சொல்லி ஆள் சேர்த்தவர் போயே போய்விட்டார். சேர்ந்த ஆட்கள் இன்னும் இரண்டு வருஷம் மணலில் கிடந்தார்கள். 1801-ல் ஆங்கிலேயர் அலெக்சாந்திரியாவை முற்றுகையிட்டபோது ஜோஃப்ருவா குண்டுச் சத்தத்தின் நடுவே உட்கார்ந்து மின்சார மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மீனின் மின்சாரத்திலிருந்து நரம்பு, ஒளி, பிரபஞ்சம் என்று சகலத்தையும் விளக்கும் கொள்கை ஒன்றைக் காய்ச்சல் வேகத்தில் எழுதித் தள்ளினார். சோறு சரியாகக் கிடைக்காத ஊரில் இது நடக்கக்கூடியதுதான்.

சரணடைந்த ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அறிஞர்கள் சேர்த்ததெல்லாம் எங்களுக்கு. பிரெஞ்சுத் தளபதி மெனூ சரி என்று தலையாட்டிவிட்டான். அவனுக்கு என்ன, வௌவால் பெட்டிதானே. ஜோஃப்ருவா ஆங்கிலேயர் முகாமுக்கே போனார். மரியாதையாக விடாவிட்டால் எல்லாவற்றையும் நாங்களே கொளுத்துவோம், அலெக்சாந்திரியாவில் இரண்டாம் முறையாக நூலகத்தை எரித்த பழி உங்கள் தலையில் ஏறும் என்று மிரட்டினார். ஆங்கிலேயத் தளபதி ஹட்சின்சன் இறங்கிவந்தான். ரொசெட்டா கல்லைத் தான் வைத்துக்கொண்டு, உயிரின மாதிரிகளை அவர்களுக்கே விட்டான். இன்று லண்டனில் அந்தக் கல்லைப் பார்க்க வரிசை நிற்கிறது. பாரிஸுக்குப் போன வௌவாலைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஆனால் ஏணி தூக்கிப் பாதிரிகளைக் காப்பாற்றிய அதே ஆள்தான் வௌவாலையும் காப்பாற்றினார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பாரிஸ் போன வௌவால்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. செத்தாயிற்று. பழந்தின்னிக்கு 1810-ல் பெயர் கிடைத்தது. மூக்கில் சூலம் முளைத்தாற்போன்ற இலைமூக்கு வௌவாலுக்கு 1813. கல்லறை வௌவால், முகத்தின் நடுவே பள்ளம் ஓடும் தீப்ஸ் வௌவால், சிறகுத்தோலைத் தாண்டி வால் நீட்டும் எகிப்திய வௌவால் ஆகியவை 1818 வரை காத்திருந்து 'எகிப்து வர்ணனை' என்ற மாபெரும் நூல்வரிசையில் இடம் பிடித்தன. அதற்குள் நெப்போலியன் பேரரசனாகி, தோற்று, ஓடி, திரும்பி வந்து, மறுபடி தோற்று, செயின்ட் ஹெலினா தீவில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

இந்த இனங்களுக்கு முதல் மாதிரி கிடைத்த ஊர் என்று இன்றும் புத்தகங்களில் இருப்பதைப் பாருங்கள். பழந்தின்னிக்குக் கீஸா, பெரிய பிரமிட். சூலமூக்குக்குக் கேனா. பள்ளமுகத்துக்குத் தீப்ஸ். கல்லறை வௌவாலுக்குக் கோம் ஒம்போ. இதை எடுத்துக்கொண்டு எந்த டிராவல் ஏஜெண்டிடம் போனாலும் நைல் படகுச் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பார். வௌவால் எங்கெல்லாம் வாழ்கிறது என்ற வரைபடம் அல்ல இது. மம்லூக்குகளைத் துரத்திப் படை போன வழி, படைக்குப் பின்னால் அறிஞர்கள் கழுதையில் போன வழி. சாலையில்லாத மேற்குப் பாலைவனத்தின் நீரூற்றுகளிலும் கிழக்கு மலைகளிலும் தொங்கியவற்றைக் கேட்க ஆளில்லை. இந்தக் குறை எகிப்தோடு நிற்கவில்லை. எகிப்தியப் பழந்தின்னியின் நெருங்கிய உறவுக்காரன் நம் பக்கத்திலும் உண்டு. பிரெஞ்சு விலங்கியலாளர் தெமரே 1820-ல் அதற்குப் பெயரிட்டபோது, மாதிரியின் ஊர் என்று எழுதியது புதுச்சேரி. வௌவாலுக்கு வைத்த பெயரோ புதுச்சேரியில் தாவரத் தோட்டம் பார்த்த லெஷெனோவுடையது. பிரெஞ்சுக்காரன் எங்கே கொடி நட்டானோ அங்கே வௌவாலுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் போனபின் ஜெர்மானியர்கள் வந்தார்கள். ஃபிராங்ஃபர்ட்டின் ரூப்பெல் செங்கடல் கரை வரை போய்ச் சேகரித்து அனுப்பினார்; ஊரில் உட்கார்ந்து கிரெட்ஷ்மார் பெயர் வைத்தார். ஹெம்ப்ரிச், எஹ்ரென்பெர்க் என்ற இரண்டு நண்பர்கள் 1820-ல் புறப்பட்டு எகிப்து, நூபியா, செங்கடல் என்று ஐந்து வருஷம் அலைந்தார்கள். 1825-ல் மசாவா துறைமுகத்தில் ஹெம்ப்ரிச் காய்ச்சலில் இறந்தார். 1859-ல் பீட்டர்ஸ் ஒரு பாலைவன வௌவாலுக்கு அவர் பெயரை வைத்தார். பெரிய பெரிய காதுகள் உள்ள அந்த வௌவால் காற்றில் பூச்சி பிடிப்பதோடு நிற்கிற ரகமில்லை. தரையில் இறங்கித் தேளைத் தின்னும். நெகேவ் பாலைவனத்தில் கவனித்தபோது, கொடுக்கால் முகத்தில் கொட்டு வாங்கிக்கொண்டே தேளைத் தலைமுதல் கடித்து முடிக்கிறது. நஞ்சு அதை ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. காய்ச்சலுக்குப் பலியான ஒருவர் பெயர், தேளுக்கும் அசராத ஒரு வௌவாலுக்கு. இந்த விஷயத்தில் பீட்டர்ஸின் தேர்வு நல்ல தேர்வு.

இருபதாம் நூற்றாண்டில் வேலை கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. வந்தவர்கள் மட்டும் அப்போதும் வேறு வேலையாகத்தான் வந்தார்கள். இராக்கில் பிரிட்டிஷ் விமானப்படையின் மருத்துவராக இருந்த டேவிட் ஹாரிசன் காய்ச்சல் பார்த்த நேரம் போக மிருகம் பார்த்தார். பிறகு அரேபியாவின் பாலூட்டிகளைப் பற்றி 1964 முதல் 1972 வரை மூன்று பாகம் எழுதினார். கெய்ரோவிலிருந்த அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வுக்கூடத்தின் ஹாரி ஹூக்ஸ்ட்ரால் வந்தது உண்ணிக்காக. கடற்படைக்குப் பாலைவனத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவர்களிடம் பணம் இருந்தது. உண்ணி வேண்டுமானால் அது ஒட்டியிருக்கிற பிராணி வேண்டும். அந்தப் பிராணி வௌவாலாக இருந்துவிட்டால் குகைக்குள் போக வேண்டும். அப்படிச் சேர்ந்தவற்றையும் வைத்துத்தான் 1980-ல் ஆஸ்பர்னும் இப்ராஹிம் ஹெல்மியும் எகிப்தின் தரைவாழ் பாலூட்டிகளைப் பற்றி ஐந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். 1985-ல் பாலஸ்தீனரான மஸின் கும்சியே எகிப்தின் வௌவால்களுக்கென்றே தனி நூல் போட்டார். ஹெரோடோட்டஸிலிருந்து கணக்கிட்டால், வௌவால் மட்டுமே அட்டையில் ஏற இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இப்போதெல்லாம் கணக்கெடுப்பு நாகரிகமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைத் தண்ணீருக்கு மேல் கட்டுகிறார்கள். பாலைவனத்தில் குட்டை ஒன்றுதான் என்றால் சுற்றுவட்டாரத்து வௌவாலெல்லாம் அங்கே வந்துதானே ஆக வேண்டும். நம் காதுக்கு எட்டாத சத்தத்தைப் பதிவு செய்கிற கருவி வந்துவிட்டதால் பிடிக்காமலே இனம் பிரிக்கவும் பார்க்கிறார்கள். ஓமானில் நிலத்தடி நீர்க்கால்வாய், இடிந்த மண்வீடு, பாழ்ங்கிணறு என்று மனிதன் கைவிட்ட எதையும் விடாமல் எட்டிப் பார்க்கிறார்கள். வௌவாலுக்காகவே போகிறவர்கள் ஒருவழியாக வந்துவிட்டார்கள் என்று நாம் மகிழ்ந்திருந்த நேரத்தில், 2012-ல் மறுபடி ஒரு கூட்டம் வேறு வேலையாக வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் சவூதியில் மெர்ஸ் என்ற புதிய நோய் தலைகாட்டியது. முதல் நோயாளிகளில் ஒருவர் பிஷா என்ற ஊர்க்காரர். அக்டோபரில் ஆராய்ச்சியாளர்கள் பிஷாவுக்குப் போய், பாழடைந்த கட்டடங்களில் தொங்கிய வௌவால்களைப் பிடித்து, ரத்தம், எச்சம் எல்லாம் எடுத்து, உறைபனியில் வைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறந்தார்கள். திறந்தவர்கள் அப்படியே வைத்துவிட்டார்கள். 48 மணி நேரம் அறைச் சூட்டில் கிடந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் உருகிக் குழம்பாகியிருந்தது. ஸ்ட்ராபோவின் போர்சிப்பாக்காரர்கள் உப்புப் போட்டாவது வைத்திருந்தார்கள்.

மறு வருஷமும் போனார்கள். மொத்தம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். அவற்றில் ஒரே ஒரு வௌவாலின் எச்சத்தில், மெர்ஸ் வைரஸின் மரபுத்தொடரோடு ஒத்துப்போகிற 190 எழுத்து நீளத் துணுக்கு ஒன்று கிடைத்தது. முழுத் தொடர் முப்பதாயிரம் எழுத்து. அந்த வௌவால் வேறு யாருமில்லை, ஜோஃப்ருவா 1818-ல் பெயரிட்ட அதே கல்லறை வௌவால். 2013-ல் செய்தி வெளியானது; கல்லறை என்ற பெயரே பாதி வேலையைச் செய்துவிட்டது. உலகத்துப் பத்திரிகைகள் தீர்ப்பு எழுதின.

அதே நேரத்தில் ஒட்டகங்களின் ரத்தத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு கதை தெரிந்தது. ஒட்டகத்துக்கு ஒட்டகம் நோயெதிர்ப்புச் சுவடு. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1983-லேயே எடுத்துச் சேமித்து வைத்திருந்த ஒட்டக ரத்தத்திலும் அது இருந்தது. மனிதனுக்கு ஒட்டகத்திலிருந்துதான் தொற்றுகிறது என்பது இப்போது உறுதி. வௌவால்களில் இந்த வைரஸின் தூரத்துச் சொந்தங்கள் பல நாடுகளில் கிடைத்திருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் பிஷாவின் கல்லறை வௌவாலுக்கு எதிராக இருப்பது அந்த 190 எழுத்து மட்டும்தான். என்னைக் கேட்டால் வௌவால் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, பெட்டியைத் திறந்தவரை விசாரிக்கலாம்.